பார்த்தவர் கடன்

கோடை விடுமுறை வந்தால் கல்லூரிப் பிள்ளைகள் மாமா வீட்டுக்கும் மலைவாசஸ்தலத்துக்கும் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது அவர்கள் 'இன்டர்ன்ஷிப்' போகிறார்கள். கணக்குப் படிப்பவர்கள் பாங்கிக்குப் போகிறார்கள். இயந்திரம் படிப்பவர்கள் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மனோதத்துவம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் குழந்தைகளின் மனநல ஆராய்ச்சி நடக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நிலையங்களுக்கும் போகிறார்கள். பாங்கிக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கூட்டியது தவறானால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். திருகாணியைத் தப்பாக முடுக்கினால் கழற்றிக்கொள்ளலாம். கடைசியில் சொன்னவர்களைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கற்றுக்கொள்வதற்காக எதிரே உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பது ஒரு குழந்தை. அதுவும் மனத்துக்குள் எதையோ வைத்துக்கொண்டு தவிக்கும் குழந்தை.

இருபது வயதுள்ள ஒருவர், தமக்குக் கல்வி வேண்டும் என்பதற்காக, ஏழு வயதுள்ள இன்னொருவரின் வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாமா? பார்த்தால், பார்க்கப்பட்டவருக்கு அவர் என்ன கடன்படுகிறார்? இதுதான் கேள்வி. நிபுணர்கள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மாணவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் குழந்தைகளும் நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளை அங்கியையும் விசித்திர யந்திரங்களையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இளநிலை மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் குமாஸ்தா வேலை. பெற்றோர் குறி போட்டுக் கொடுத்த கேள்வித்தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒன்று. இங்கிலாந்தில் டாக்டர் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட ஒரு கேள்வித்தாள் இன்று பல தேசங்களில் புழங்குகிறது. அதில் 25 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன் குழந்தைக்குப் பொருந்தவில்லையா, ஓரளவு பொருந்துகிறதா, நன்றாகப் பொருந்துகிறதா என்று தாயோ ஆசிரியரோ குறி போட வேண்டும். பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வார்த்தை பிசகாமல் எழுதுவது இன்னொரு வேலை. தாயும் குழந்தையும் விளையாடும் வீடியோவைப் பார்த்து, குழந்தை எப்போது தாயின் முகத்தைப் பார்த்தது, எப்போது திரும்பிக்கொண்டது என்று விநாடிக் கணக்கில் குறிப்பது மற்றொன்று. அப்படிக் குறிப்பதையும் ஒருவர் செய்தால் போதாது. இன்னொருவர், முன்னவர் எழுதியதைப் பாராமல், அதே படத்தைப் பார்த்துத் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அது பயன்படும்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தெருவில் ஒரு குழந்தை அழக் கண்டால் அது ஏன் அழுகிறது என்று நானே தீர்மானித்து, நானே எழுதி, நானே அதை நம்பியும் விடுகிறேன். இந்தப் பிள்ளைகளின் தொழில் என்னுடையதைவிடச் சுத்தமானது என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு இத்தகைய பயிற்சி பட்டப் படிப்பின் ஓர் அங்கமாகவே ஆகிவருகிறது. மணிக்கணக்குப் பார்த்து மதிப்பு கொடுக்கிறார்கள். முடிவில் ஒரு சர்டிபிகேட் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் இந்த மணிக்கணக்கெல்லாம் மாணவரின் மணிக்கணக்கு. எதிரே இருந்த குழந்தைக்கு அந்த மணிகள் எப்படிக் கழிந்தன என்பது அந்தப் பத்திரத்தில் ஏறுவதில்லை.

என் தங்கையின் பேத்தி ஒருத்தி மூன்றாம் வருஷம் மனோதத்துவம் படிக்கிறாள். ஒரு நிலையத்தில் ஆறு வாரம் பயிற்சிக்குப் போனாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"வேலை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"வேலை ஒண்ணும் கஷ்டமில்லே, தாத்தா. ஒரு பையன்தான் மனசிலேயே நிக்கிறான்" என்றாள்.

பையனுடைய பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம். நானும் கேட்கவில்லை. அவள் சொன்னதிலும் சில அடையாளங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் சின்னப் பையன். பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒரு வார்த்தை வராது. பிடிவாதம் என்றும் கொழுப்பு என்றும் ஒரு காலத்தில் பிரம்பெடுத்து அடித்தார்களே, அது பயத்தின் ஒரு வகை என்று இப்போது கண்டிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை அவனை அழைத்து வருவார்கள். டாக்டர் அம்மாள் உள்ளே தாயோடு பேசும்போது, இவள் வெளியே அவன் பக்கத்தில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது உத்தரவு. நாலாவது வாரம் அவன் ஒரு கட்டையை எடுத்து அவள் கையில் வைத்து, "அடுத்த வாரமும் இருப்பியா?" என்று கேட்டான்.

"எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, தாத்தா? வெளி ஆள்கிட்ட அவன் பேசின முதல் வார்த்தை அது. 'இருப்பேன்'னு சொல்லிட்டேன். பொய்யில்லே. அடுத்த வாரம் இருப்பேன். அதுக்கு அடுத்த வாரமும் இருப்பேன். அப்புறம் எனக்குக் காலேஜ் திறந்துடும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலே. நான் அவனுக்கு நல்லது பண்ணினேனா, கெடுதல் பண்ணினேனா?"

அவளுக்கு உடனே நான் பதில் சொல்லவில்லை. பதில் அவ்வளவு சுலபமாக அகப்படவில்லை.

பொதுவாக நாம் சொல்லக் கூடிய பதில் ஒன்று உண்டு. 'படித்துத் தேறாதவர்களைக் குழந்தைகளின் கிட்டே விடவே கூடாது' என்பது அது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் நடக்குமா? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16-ல் 12 மாநிலங்களில் மனநலக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தினார்கள். தமிழ் நாடும் அதில் சேர்ந்தது. 13 முதல் 17 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டார்கள். ஐம்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நாலு பேர். அவர்களைப் பார்த்துத் தேற்றக் கூடியவர்கள் நாளைக்கு வேண்டும் என்றால் இன்றைக்கு யாராவது கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டும். நீந்தக் கற்ற பிறகு ஆற்றில் இறங்கு என்று சொன்னால், கற்பதற்கு எந்த ஆறு இருக்கிறது?

குழந்தை மனத்தைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும் பங்கைத் தந்தவரும் இப்படித் தேறாத இளைஞராகத்தான் ஆரம்பித்தார். ஜான் பவுல்பி 1907-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வைத்தியப் படிப்பின் முதற் பகுதியை முடித்ததும், மேலே தொடராமல், 1928-ல், மனக்கோளாறுள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளிக்கு வேலை செய்யப் போனார். அப்போது அவருக்கு வயது 21. அங்கே இரண்டு பையன்கள் அவர் மனத்தில் பதிந்தார்கள். ஒருவன் பெரிய பையன். திருடியதற்காக முந்தின பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன். நிலையாக ஒரு தாய் இல்லாமல் வளர்ந்ததால் யாரோடும் ஒட்டாதவன். இன்னொருவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். பயந்த சுபாவம். பவுல்பி போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவான். அவனைப் பவுல்பியின் நிழல் என்றே அங்கிருந்தவர்கள் அழைத்தார்கள்.

இந்த இருவரும்தான் தம் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தார்கள் என்று பவுல்பி பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக அவர் தயாரித்த அறிக்கையும், தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி எழுதிய நூல்களும் அனாதை விடுதிகளை, ஆஸ்பத்திரிகளை, பிள்ளை வளர்ப்பையே மாற்றியவை. அவற்றுக்கெல்லாம் விதை அந்தப் பள்ளிக்கூடத்தில் விழுந்தது.

ஆனால் என் நினைப்பு அந்த நிழலின் பேரிலேயே நிற்கிறது. 1929-ல் பவுல்பி வைத்தியப் படிப்பைத் தொடர லண்டனுக்குப் போய்விட்டார். உருவம் போய்விட்டால் நிழல் எங்கே போய் நிற்கும்? சரித்திரத்தில் பவுல்பிக்குப் புத்தகம் புத்தகமாக இடம் இருக்கிறது. அந்தச் சிறுவனுக்கு ஒரு சொல்லளவு இடம். அவன் பின்னால் நடந்ததனால் எத்தனையோ லட்சம் குழந்தைகளுக்குப் பின்னால் நன்மை விளைந்தது என்று நாம் கணக்குச் சொல்லலாம். பொய்யான கணக்கு அல்ல அது. ஆனாலும், 'பிறகு பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக நீ கொஞ்சம் ஏங்கிக்கொள்' என்று எட்டு வயதுப் பையனைப் பார்த்துச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அது நடந்தது 1939-ல், அமெரிக்காவில், அயோவா சர்வகலாசாலையில். அங்கே பேச்சுக் குறைகளை ஆராய்ந்துவந்த பேராசிரியர் வெண்டல் ஜான்ஸன், தாமே திக்குவாயால் அவதிப்பட்டவர். குழந்தையின் பேச்சைப் பெரியவர்கள் ஓயாமல் குறை சொல்வதால்தான் திக்குவாய் உண்டாகிறது என்பது அவர் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையை, தம்மிடம் மேல் பட்டத்துக்குப் படித்த மேரி ட்யூடர் என்ற மாணவியிடம் கொடுத்தார். டேவன்போர்ட் என்ற ஊரில் இருந்த அனாதை விடுதியிலிருந்து 22 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 12 பேர் சரளமாகப் பேசுகிறவர்கள். அந்தப் பன்னிருவரில் ஆறு பேரிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது என்றும், சரியாகப் பேச வராவிட்டால் பேசாமலே இருப்பது நல்லது என்றும் மேரி ட்யூடர் சொல்ல வேண்டும். சொன்னாள். ஜனவரியிலிருந்து மே மாதம் வரையில் போய்ப் போய்ச் சொன்னாள்.

அந்தக் குழந்தைகளுக்குத் திக்குவாயே வந்துவிட்டது என்று பிற்கால நிபுணர்கள் ஒப்பவில்லை. ஆனால் அவர்கள் கூசிப்போனார்கள். பேச வாயெடுத்துவிட்டு நிறுத்தினார்கள். கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மேரி ட்யூடர் இதைப் பார்த்தாள். ஆராய்ச்சி முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், மூன்று தடவை அந்த விடுதிக்குத் திரும்பிப் போய், 'உங்கள் பேச்சில் ஒரு குறையும் இல்லை' என்று தேற்றப் பார்த்தாள். அது போதவில்லை. அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை சர்வகலாசாலைப் புத்தகசாலையில் ஏறி உட்கார்ந்தது. பேராசிரியர் அதைப் பிரசுரிக்கவில்லை. 2001-ல் ஒரு பத்திரிகை நிருபர் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். சர்வகலாசாலை மன்னிப்புக் கேட்டது. 2007-ல், வழக்குத் தொடுத்த தரப்பினருக்கு 9,25,000 டாலர் கொடுக்க அயோவா மாநிலம் ஒப்புக்கொண்டது. விடுதியில் இருந்தபோது சின்னஞ்சிறிசுகளாக இருந்தவர்கள், விஷயம் வெளியான வருஷத்தில் கிழவர் கிழவிகள்.

மேரி ட்யூடரைக் கொடியவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடியவளாக இருந்தால் மூன்று தடவை திரும்பிப் போயிருக்க மாட்டாள். அவளுக்கு இரக்கம் இருந்தது. கண்ணும் இருந்தது, அந்தக் குழந்தைகள் ஒடுங்கியதை முதலில் குறித்தவளே அவள்தான். இல்லாமற்போனது வேறொன்று. அது என்ன என்று பார்ப்பதற்கு, அதே காலத்தில் இன்னொரு தேசத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

1941-ல், லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம், சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட், டோரதி பர்லிங்ஹாம் என்ற தோழியோடு சேர்ந்து ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினாள். வீடிழந்த, தாய் தந்தையரைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஏற்பட்டது. வேலைக்கு வந்தவர்களில் பலர் பயிற்சி ஏதும் இல்லாத இளம் பெண்கள். தாங்களே ஊர் விட்டு ஊர் வந்த அகதிகள். ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்தார். தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்தவர். பாய்லரைக் கவனிப்பதும் இதர எடுபிடி வேலைகளும் அவருக்கு. ஆனால் அந்தக் காப்பகத்தில் ஒரு விதி இருந்தது. சமையற்கட்டில் இருந்தாலும் சரி, பாய்லர் அடியில் இருந்தாலும் சரி, குழந்தைகளிடம் கண்டதை ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் எழுத வேண்டும். அந்த அட்டைகளை வைத்துக்கொண்டு எல்லாரும் கூடிப் பேசுவார்கள். உலகப் பிரசித்தி பெற்ற அன்னா ஃப்ராய்ட் பாய்லர்காரரின் அட்டையையும் படித்தாள்.

யுத்தம் முடிந்தது. 1948-ல் பவுல்பி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகள் தாயைப் பிரிந்து என்ன ஆகிறார்கள் என்று பார்த்து எழுத ராபர்ட்ஸனை அமர்த்தினார். அந்நாளில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் நினைத்தபோது வர முடியாது. பல இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள். சில இடங்களில் அதுவும் இல்லை. முதலில் குழந்தை அழும். இரண்டு மூன்று நாளில் அழுகை ஓய்ந்துவிடும். 'பழகிவிட்டது' என்று டாக்டர்களும் நர்ஸுகளும் திருப்தியடைவார்கள். ராபர்ட்ஸன் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தார். முதலில் எதிர்ப்பு, அப்புறம் நம்பிக்கையிழப்பு, அதற்கும் அப்புறம் தாயே வந்தாலும் முகம் கொடுக்காத ஒரு மரத்த நிலை என்று கண்டார். பழகிவிட்டது என்று அவர்கள் சொன்னது, குழந்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன நிலை.

இரண்டு வருஷம் பார்த்த பிறகு, வெறுமே குறித்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. வார்த்தையில் சொன்னால் யாரும் நம்பவில்லை. எனவே ஒரு சினிமாக் காமிராவை எடுத்தார். சிறிய ஆப்பரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கப்போகும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் படம் பிடித்தார். அழும்போது மட்டும் பார்த்துப் பிடித்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, தினம் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரம் தெரியும்படி பிடித்தார். 1952-ல் அந்தப் படத்தை லண்டனில் டாக்டர்கள் சபையில் திரையிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரிகளை அவதூறு செய்கிறார் என்றார்கள். அவர் விடவில்லை. 1959-ல் பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த பிளாட் கமிட்டி, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும், சிறு குழந்தையோடு தாயும் தங்க வசதி செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

இதில் இன்னொரு கிளையும் உண்டு. 1950-ல் பவுல்பியிடம் வேலைக்கு வந்த மேரி ஐன்ஸ்வொர்த் என்ற அம்மாள் ராபர்ட்ஸனின் குறிப்புகளைப் படித்து, அவ்வாறே தாமும் நேரில் பார்த்து எழுத வேண்டும் என்று உறுதி கொண்டார். உகாண்டாவில் அப்படிப் பார்த்தார்; பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பார்த்தார். ஒரு வயதுக் குழந்தை, தாய் சில நிமிஷம் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பும்போது, எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் முறை ஒன்றை வகுத்தார். இருபது நிமிஷ காரியம். குழந்தை ரொம்ப அழுதால் தாயை உடனே உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் விதி. இன்று பல தேசங்களில் மாணவர்கள் வீடியோவை ஓட்டி ஓட்டிக் குறிப்பெடுக்கும் பல ஆராய்ச்சிகள் அந்த வழியில் வந்தவை. அந்தப் பாய்லர்காரர் எழுதிய அட்டைக்கும் இந்தப் பிள்ளைகளின் குறிப்புக்கும் உறவு இருக்கிறது.

மேரி ட்யூடரும் ராபர்ட்ஸனும் தொடங்கும்போது இருவருமே தேறாதவர்கள்தாம். இருவருக்கும் இரக்கம் இருந்தது. இருவரும் கண் திறந்து பார்த்தார்கள். பின் வித்தியாசம் எங்கே? மாணவியின் கையில் பேராசிரியர் ஒரு முடிவைக் கொடுத்து அனுப்பினார். குழந்தைகள் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பாய்லர்காரரிடம் அன்னா ஃப்ராய்ட் வெற்று அட்டையைக் கொடுத்தாள். குழந்தை என்ன செய்ததோ அதுவே எழுத்தாயிற்று. மாணவி கண்ட துயரத்தைக் கேட்க ஆள் இல்லை. அவள் தனியாகவே வருந்தி, தனியாகவே திரும்பிப் போனாள். ராபர்ட்ஸன் கண்டதைச் சொல்லக் கூட்டம் இருந்தது. கூட்டம் கேட்காதபோதும் உரக்கச் சொல்லத் துணிவும் இருந்தது. ஆகவே இளம் மாணவர் செய்யும் பிழையில் பெரும்பங்கு அவரை அனுப்பியவரைச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன். இருபது வயதுப் பிள்ளையை ஒரு குழந்தையின் துயரத்தின் எதிரே உட்கார்த்திவிட்டு, சாயங்காலம் 'இன்று என்ன பார்த்தாய்?' என்று கேட்காத ஆசிரியர், இரண்டு பேருக்கும் துரோகம் செய்கிறார்.

இனி மாணவரின் கடனுக்கு வருகிறேன்.

முதற் கடன், கேட்டுவிட்டுப் பார்ப்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழிமுறைகள் வெளியிட்டது. பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. ஏழு வயதிலிருந்து குழந்தையின் வாய்மொழி இசைவும், பன்னிரண்டிலிருந்து எழுத்து மூலமான இசைவும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதற்கு இசைவு கேட்டோம்? சட்டைக்குக் கேட்டோமா, சாப்பாட்டுக்குக் கேட்டோமா? ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கிறார்கள் என்றால் அதில் நமக்கும் கொஞ்சம் பாடம் இருக்கிறது. கேட்பது சடங்காகப் போய்விடலாம் என்பதும் உண்மை. வேண்டாம் என்று குழந்தை சொன்னால் சிரித்த முகத்தோடு எழுந்து போகத் தெரிந்தவர்தான் உண்மையாகக் கேட்டவர்.

இரண்டாவது, இருப்பதை எழுதுவது. 'பாவம், ஏங்கிப்போயிருக்கிறது' என்று எழுதுவது சுலபம். 'பதினொரு நிமிஷம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது' என்று எழுதுவது கஷ்டம். முன்னது எழுதினவரின் நல்ல மனத்தைக் காட்டும். பின்னதுதான் குழந்தையைக் காட்டும். கண்ணீரால் காகிதத்தை நனைத்துவிட்டால் அப்புறம் அதில் எழுத்து நிற்காது.

மூன்றாவது, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிடுவது. 'யாருகிட்டயும் சொல்லாதே அக்கா' என்று ஆரம்பித்து ஒரு குழந்தை எதையாவது சொல்லிவிடும். இளம் மனம் உடனே சத்தியம் செய்துகொடுக்கும். செய்யக் கூடாது. அந்த ரகசியம் ஒரு பெரியவர் குழந்தையிடம் தகாதபடி நடந்துகொண்ட விஷயமாக இருந்தால், அதை உரியவர்களிடம் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம் என்று 2012-ல் வந்த போக்ஸோ சட்டம் விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நியாயம் அதுதான். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது ஒன்று. மேலே உள்ள டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது வேறு. காக்க முடியாத வாக்கைக் கொடுப்பதைவிட, 'உனக்கு உதவக் கூடிய ஒருத்தரிடம் மட்டும் சொல்வேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது: சொல்லிக்கொண்டு போவது. அந்த நிலையங்களுக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு வியாதியின் வேரே யாரோ ஒருவர் சொல்லாமல் போய்விட்டதுதான். அங்கே நாமும் அன்பாக வந்து அன்பாக மறைந்துவிட்டால், குழந்தை ஏற்கனவே தெரிந்துவைத்திருந்த பாடத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளும். அதற்காக அன்பே காட்டாமல் மரம் போல் இரு என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. போகிற நாளை வந்த நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் தங்கை பேத்தி மறுநாளே அந்த டாக்டர் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் பாக்கி இருந்த இரண்டு வாரத்துக்கும் இரண்டு கட்டங்கள் போடச் சொன்னார். அந்தக் கட்டங்களுக்கு அப்பால், அங்கேயே நிரந்தரமாக வேலை பார்க்கும் ஓர் அம்மாளின் பெயரை எழுதச் சொன்னார். பையன் வந்ததும் காகிதத்தை அவனிடம் காட்டி விளக்கினாள். அந்த அம்மாளையும் கட்டை அடுக்க உட்கார்த்திக்கொண்டார்கள். கடைசி வாரம் அவன் ஒன்றும் பேசவில்லையாம். மிச்சமிருந்த கட்டத்தைத் தானே பென்சிலால் அடித்துவிட்டு, அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டானாம்.

"எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமா இருந்தது, தாத்தா" என்றாள் அவள், டெலிபோனில்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. பையனுக்கு அடுத்த வாரம் உட்கார ஓர் இடம் இருக்கிறது. அவள் ஏமாந்தது அவன் பட்ட லாபத்தின் மறுபக்கம். அவள் அன்று கேட்டாளே, நல்லது பண்ணினேனா, கெடுதல் பண்ணினேனா என்று. அந்தக் கேள்விக்கு விடை அவன் பேசிய நாலாம் வாரத்தில் இல்லை, அவள் விடைபெற்ற ஆறாம் வாரத்தில்தான் இருந்தது. பிறர் துயரத்தைப் பார்த்துக் கற்கலாமா என்ற கேள்விக்கும் நான் இந்த அளவில்தான் பதில் சொல்ல முடியும். கற்கலாம். ஆனால் கற்றவர் நான் என்ற காரணத்தால் கணக்கு என்னோடு முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பின்னால் வரும் லட்சம் குழந்தைகளுக்கு விளையும் நன்மை, எதிரே இருக்கும் ஒரு குழந்தைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளுபடி செய்துவிடாது.

வீட்டில் இப்படிப் பயிற்சிக்குப் போகும் மகளையோ மகனையோ வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பியதும் சர்டிபிகேட் எப்போது தருவார்கள் என்று கேட்க வேண்டாம். அங்கே வந்த குழந்தைகளின் கதையைக் கேட்கவும் வேண்டாம். அது சொல்லத் தகாதது. 'மனசுக்குக் கஷ்டமாக ஒன்றைப் பார்த்தால் அங்கே யாரிடம் போய்ச் சொல்வாய்?' என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால், நிம்மதியாக இலையைப் போட்டுச் சாப்பாடு பரிமாறுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால், மறுநாள் காலையில் நீங்களே கூடப் போய், அங்கே பொறுப்பில் இருப்பவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.